கொல்லிப்பாவையின் கோயிலும் மலைச்சபையின் கேள்வியும்

மலைச்சபை ஒன்றில் ஞாயிறு ஆராதனை முடிந்தபின், திருமுழுக்குப் பெற்று ஓராண்டும் நிறையாத குடும்பத்தலைவர் ஒருவர் நம்மிடம் வந்தார். "ஐயா, எங்க ஊர் அம்மன் பண்டிகைக்கு வீட்டுக்கு வீடு வரி போட்டிருக்காங்க. குடுக்கலாமா, கூடாதா? நீங்களே சொல்லுங்க" என்றார். 'கூடாது' என்று சொல்வது எளிது. 'கொடுத்தால் என்ன' என்று சொல்வதும் எளிதே. ஆயினும் இரண்டில் எதைச் சொல்லவும் அன்று நமக்கு வாய் எழவில்லை. அவ்வரி எதன்பொருட்டுத் தண்டப்படுகிறது, அதைக் கொடாதவன் ஊரில் எந்நிலையை அடைவான், அந்த அம்மன் அம்மக்களுக்கு யார் என்பவற்றை நாம் அறிந்திருக்கவில்லை. அறியாத ஒன்றைக் குறித்து ஆலோசனை கூறும் ஆயன், தான் நடவாத பாதைக்கு வழிகாட்டுபவனை ஒப்பான்.

அக்கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம். கொல்லிமலையின் தொன்மையான அம்மன் வழிபாட்டையும், அதனைச் சூழ்ந்துள்ள சமுதாய மரபுகளையும் முதலில் விளக்குவோம்; பின்னர் அங்கு நற்செய்தி சென்ற வரலாற்றை நினைவுகூர்வோம்; முடிவில் அக்கேள்விக்கு நம்மால் இயன்ற விடையைக் கூறுவோம்.

1. மலையும் நாடுகளும்

கொல்லிமலை நாமக்கல் மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் ஒரு பகுதியாக, ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் வரை உயர்ந்து நிற்கிறது. காரவள்ளியிலிருந்து மேலேறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. மலையின் மேற்பரப்பு பதினான்கு நாடுகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. திண்ணனூர் நாடு, வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு, குண்டூர் நாடு, தேவனூர் நாடு என்பன அவற்றுட் சில. இன்று இவை ஊராட்சிகளின் பெயர்களாகவும் வழங்குகின்றன. எனினும் 'நாடு' என்பது அம்மக்களுக்கு வெறும் ஆட்சிப் பிரிவன்று. உறவும் வழிபாடும் வழக்குத் தீர்ப்பும் ஒருங்கே அமைந்த கட்டுக்கோப்பாகும்.

இங்கு வாழ்வோர் பெரும்பாலும் மலையாளிகள் என்னும் பழங்குடியினர். இவர்கள் கேரளத்தாரல்லர், தமிழே இவர்களது தாய்மொழி. மலையை ஆள்வோர் என்பது இப்பெயரின் பொருள் என்பர். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்றும், பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்னும் உடன்பிறந்தார் மூவர் வெவ்வேறு மலைகளில் குடியேறினர் என்றும் இவர்களிடையே வழிவழியாகச் சொல்லப்படுகிறது. எவர் எம்மலைக்குச் சென்றார் என்பதில் கதைகள் வேறுபடும். ஆயினும் தந்தையர் நடந்துவந்த கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும் வழக்கம் எங்கும் உண்டு. அலைந்து திரிந்த தகப்பனைக் குறித்து அறிக்கை செய்யும் இஸ்ரவேலின் மரபை (உபா. 26:5) அறிந்த நாம், இத்தகைய கதையைக் கட்டுக்கதை என்று தள்ளிவிட இயலாது. தாம் யார் என்பதை ஒரு மக்கள் அறிந்துகொள்ளும் வழி அது.

சாமை, கேழ்வரகு, தினை, பனிவரகு முதலிய சிறுதானியங்கள் இம்மக்களின் பழைய உணவாகும். மரவள்ளி பெருகியதால் அவற்றின் பரப்பு சுருங்கிவிட்டது. காப்பி, மிளகு, வாழை, பலா, அன்னாசி ஆகியன சந்தைக்குச் செல்கின்றன. மழை பொய்த்தால் வாழ்வு தடுமாறும் நிலை இன்றும் முற்றிலும் மாறிவிடவில்லை. இதனை மனத்திற்கொண்டு அம்மனின் கோயிலுக்குச் செல்வோமாக.

2. புலவர் கண்ட பாவையும் மக்கள் கண்ட அன்னையும்

கொல்லிப்பாவை சங்க நூல்களிலேயே இடம்பெற்றுள்ளாள். நற்றிணை, குறுந்தொகை, அகநானூறு ஆகிய தொகைகளில் பரணர், கபிலர் முதலியோர் இப்பாவையைப் பாடியுள்ளனர். மேற்கு மலைச்சாரலில் தெய்வத்தாலோ பூதத்தாலோ அமைக்கப்பட்டது என்றும், காற்று மோதினும், மழை அறையினும், இடி இடிப்பினும், நிலம் நடுங்கினும் தன் வடிவம் மாறாது நிற்பது என்றும் அப்பாடல்கள் கூறும். ஆயினும் புலவர்கள் அதனைப் பெரும்பாலும் தலைவியின் அழகுக்கு உவமையாகவே எடுத்தாண்டனர். அக்காலத்தில் மலைக்குத் தலைவனாயிருந்த வல்வில் ஓரியை முள்ளூர்க் காரி கொன்று, கொல்லியைச் சேரனுக்கு அளித்தான் என்பதும் அகநானூற்றால் அறியப்படும். ஓரியின் நினைவாக ஒவ்வோர் ஆடி மாதமும் செம்மேட்டில் அரசு விழா நடைபெறுகிறது.

மக்கள் கண்ட பாவையோ வேறு. முனிவர்கள் தவம் செய்ய அமைதியான இடம் தேடி இம்மலைக்கு வந்தனர். அரக்கர்கள் இடையூறு செய்தனர். அவர்களை அணுகவிடாமல் காக்கவே பாவை நிறுத்தப்பட்டாள். அவள் தன் சிரிப்பால் மயக்கி அவர்களைக் கொல்வாள் என்பது கதை. மலைக்குக் 'கொல்லி' என்னும் பெயர் வந்ததற்கும் இதனையே காரணமாகச் சொல்வோர் உளர். இன்று எட்டுக்கை அம்மன் என்னும் பெயரில் வழிபடப்படுபவள் இப்பாவையே என்று மக்கள் நம்புகின்றனர். புலவர் அழகைக் கண்ட இடத்தில் மலைவாழ்வோர் காவலைக் கண்டனர். இவ்வேறுபாடு கவனிக்கற்பாலது. காட்டு விலங்கும் கொள்ளைநோயும் எந்நேரமும் வாசலில் நின்ற மக்களுக்கு, அசையாமல் நிற்கும் ஒருத்தி தேவையாயிருந்தாள்.

3. அறப்பளீசுவரரும் ஊர்த்தெய்வங்களும்

மலையின் பெருங்கோயில் வளப்பூர் நாட்டுப் பெரியகோவிலூரிலுள்ள அறப்பளீசுவரர் கோயிலாகும். அம்மன் அறம்வளர்த்த நாயகி. இத்தலம் தேவார வைப்புத்தலங்களுள் ஒன்று. அம்பலவாணக் கவிராயரின் அறப்பளீசுர சதகம் இவ்விறைவனை முன்னிலைப்படுத்திப் பாடப்பெற்றது. நிலத்தை உழுதபோது கலப்பை பட்டுக் குருதி வழிய இலிங்கம் வெளிப்பட்டது என்று தலவரலாறு கூறும். கோயிலின் அருகே ஓடும் ஐயாறு, ஆகாய கங்கை அருவியாகப் பாய்கிறது. ஆற்று மீன்களை அறுத்துச் சமைத்தபோது அவை மீண்டும் பொருந்தி உயிர்பெற்று நீரில் துள்ளின என்பது மற்றொரு கதை. மக்கள் அம்மீன்களுக்கு இரை இடுவர். ஆடிப்பெருக்கின்போது சமவெளியிலிருந்தும் திரளானோர் வந்து நீராடி வழிபடுவர்.

இதனோடு ஊர்தோறும் மாரியம்மன், காளியம்மன், பெரியண்ணன் முதலிய தெய்வங்கள் உள்ளன. மாசிக் குன்றின்மேலுள்ள பெரியசாமியைக் குலதெய்வமாகக் கொண்டு கீழ்நாட்டார் பலர் மலையேறி வருகின்றனர். பெருங்கோயிலில் குருக்கள் வழிபாடு நடத்துவர். ஊர்த்தெய்வங்களுக்கு மலையாளிகளே பூசாரிகளாவர். அங்கு மந்திரத்தைவிட வாக்கும், நைவேத்தியத்தைவிடப் பலியும் முதன்மை பெறும். இவ்விரு வகை வழிபாடுகளும் ஒன்றையொன்று விலக்காமல் ஒரே மக்களின் வாழ்வில் இணைந்துள்ளன. 'இந்து சமயம்' என்னும் ஒரே சொல்லால் இவ்விரண்டையும் மூடிவிட்டுப் பிரசங்கிக்கும் போதகர், தம்முன் அமர்ந்திருப்பவர் எதனை விட்டு வந்தார் என்பதை அறியமாட்டார்.

4. கோயில் செய்யும் பணிகள்

ஊர்க்கோயில் அம்மக்களுக்குச் செய்யும் பணிகளை நான்காக வகுக்கலாம்.

முதலாவது, காவல். மழை, விளைச்சல், பிள்ளைப்பேறு, நோய்தீர்வு ஆகியவற்றுக்காக அம்மனிடம் நேர்ந்துகொள்கின்றனர். இதில் அன்பும் உண்டு, அச்சமும் உண்டு. நேர்த்திக்கடன் தவறினால் தீங்கு வரும் என்னும் அச்சம், சமயம் மாறியபின்னும் பல ஆண்டுகள் உள்ளத்தில் தங்கியிருக்கும்.

இரண்டாவது, நினைவு. இறந்த முன்னோர், ஊரை முதலில் அமைத்தோர், அண்ணன் தம்பியராய் வந்தோர் ஆகிய யாவரும் திருவிழாவில் நினைக்கப்படுகின்றனர். மணமாகிச் சென்ற மகள் பிறந்த வீட்டுக்கு வருவதும் அப்போதே.

மூன்றாவது, நீதி. ஊர்க்கவுண்டரும் பட்டக்காரரும் கூடி வழக்குகளைத் தீர்ப்பது மரபு. சாட்சியில்லாத வழக்கில் தெய்வத்தின்முன் சத்தியம் செய்வதே கடைசிச் சான்று. எனவே கோயிலை விட்டவன் சத்தியத்தையும் விட்டவனாக, நம்பத்தகாதவனாக ஊராருக்குத் தோன்றக்கூடும்.

நான்காவது, பகிர்வு. பலியிட்ட ஆட்டின் இறைச்சி பங்கிடப்படுகிறது. ஏழையும் அன்று வயிறார உண்கிறான். இதனோடு சேர்த்து எண்ணத்தக்கவை கோயிற்காடுகள். தெய்வத்துக்குரியது என்று மரம் வெட்டாமல் விடப்பட்ட சோலைகள் மலையில் பல இடங்களில் உள்ளன. அவற்றுள் செருப்பணிந்து புகமாட்டார்கள். மற்ற இடங்களில் காடு அழிந்தபோதும் இங்கு மூலிகையும் ஊற்றும் எஞ்சியிருப்பதற்கு இவ்வச்சமே காரணம். அச்சோலை மரத்தைத் துணிந்து வெட்டுவதே விசுவாசத்தின் அடையாளம் என்று கருதுவோமாயின், படைப்பைப் பண்படுத்திக் காக்கும்படி மனிதனுக்கு இடப்பட்ட கட்டளையை (ஆதி. 2:15) நாமே மீறியவராவோம்.

இந்நான்கையும் நோக்குமிடத்து, 'வரி கொடுக்கலாமா' என்னும் கேள்வி பணத்தைப் பற்றியதன்று என்பது தெளிவாகும். 'நான் இன்னும் இவ்வூரானா?' என்பதே அதன் உட்பொருள்.

5. கடல் அன்னையும் மலை அன்னையும்

இந்நிலை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. தென்சீனாவின் ஃபூஜியான் கடற்கரையில் மாட்சு என்னும் கடல் அன்னையின் வழிபாடு தோன்றியது. மெய்ட்சோ தீவில் லின் குடும்பத்தில் 960-இல் பிறந்த பெண்ணொருத்தி, கடலில் தவிப்போரைக் காத்து, இறந்தபின் தெய்வமாக்கப்பட்டாள் என்பது மரபு. மாட்சு வழிபாடும் அதன் வழக்கங்களும் 2009-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. சிங்கப்பூரில் தெலுக் ஆயர் தெருவில் 1839 முதல் 1842 வரை கட்டப்பெற்ற தியான் ஹோக் கெங் கோயில் இவ்வன்னைக்குரியது. கடல்கடந்து பிழைத்துவந்தோரின் நன்றிக்கடன் அது. அதே தெருவில் தமிழ் முஸ்லிம்கள் 1828 முதல் 1830 வரை எழுப்பிய நாகூர் தர்காவும் நிற்கிறது. சீன மெதடிஸ்ட் சபையின் ஆலயமும் அத்தெருவிலேயே உள்ளது. கடலுக்கு அஞ்சியவர் கடலிலும், மலைக்கு அஞ்சியவர் மலையிலும் ஓர் அன்னையை நாடினர். அவ்வச்சத்தைப் புரிந்துகொள்ளாமல் அவ்வன்னையைப் பற்றிப் பேசுவது வீண்.

திருச்சபை இதில் தடுமாறிய வரலாறும் நமக்குப் பாடமாகும். சீனாவில் மத்தேயு ரிச்சி முன்னோர்க்குச் செய்யும் மரியாதையை அனுமதித்தார். நெடிய வாதத்துக்குப் பின் 1742-இல் உரோமைச் சபை அச்சடங்குகளை உறுதியாகத் தடைசெய்தது. 1939-இல் அத்தடையைத் தளர்த்தியது. மதுரையில் 1606-இல் பணி தொடங்கிய இராபர்ட் தெ நொபிலியின் வழியில் எழுந்த மலபார்ச் சடங்கு வாதமும் 1744-இல் தடையில் முடிந்தது. நம் சீர்திருத்த மரபிலும் சீகன்பால்க் 1713-இல் தமிழரின் தெய்வங்களைப் பற்றி விரிவான நூல் எழுதினார். அது சென்னையில் அச்சேறியது 1867-இல்தான். ஒன்றரை நூற்றாண்டுக் காலம் நாம் கேட்க மறுத்த செய்தி அது. சென்னைப் பேராயர் ஹென்றி வைட்ஹெட் 1916-இல் தென்னிந்தியக் கிராமத் தெய்வங்களைப் பற்றிய நூலை வெளியிட்டார். கேட்டறிந்த பின்பே தீர்ப்புக் கூறவேண்டும் என்பதை இவர்கள் உணர்ந்திருந்தனர்.

6. பூசாரி ஒப்படைத்த பிள்ளைகள்

கொல்லிமலைக்கு நற்செய்தி சென்ற வரலாறு இக்கருத்துக்கு விளக்கமாக அமைகிறது. ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சார்ந்த ஜெஸ்ஸி பிராண்ட் 1907-இல் இந்தியாவுக்கு வந்து, சேந்தமங்கலத்தில் தங்கியிருந்து மலையை நோக்கினார். 1913-இல் ஈவ்லின் ஹாரிஸை மணந்து, இருவரும் மலையில் குடியேறினர். சாலை இல்லாத காலம். டோலியிலும் கால்நடையாகவுமே ஏற வேண்டும். இவர்களுடைய மகனே, பின்னாளில் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளரின் கைகளைச் சீராக்கும் அறுவை மருத்துவத்தில் புகழ்பெற்ற பால் பிராண்ட். அவர் 1914-இல் பிறந்தவர்.

ஜெஸ்ஸி காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தார், நரம்புச் சிலந்திப் புழுவை எடுத்தார், பள்ளி நடத்தினார், வீடு கட்டும் தொழிலைக் கற்பித்தார். மக்கள் மருந்தை ஏற்றனர், சமயத்தை ஏற்கவில்லை. ஆண்டுகள் பல கடந்தும் திருமுழுக்குப் பெற முன்வந்தவர் இலர். பூசாரியும் எதிர்த்து நின்றார். இந்நிலையில் முதல் உலகப்போரின் இறுதியில் பரவிய இன்ஃப்ளுயென்சா மலையையும் தாக்கியது. அப்பூசாரி நோயுற்றுக் கிடந்தபோது, உறவினரும் அணுக அஞ்சினர். பிராண்ட் தம்பதியரே சென்று பார்த்தனர். அவர் இறக்குமுன் தம் பிள்ளைகளை அவர்களிடம் ஒப்படைத்தார். அதன்பின்பே மலையில் சபை உருவாகத் தொடங்கியது என்று அக்குடும்பத்தார் கூறியுள்ளனர்.

இவ்வரலாற்றை நாம் வெற்றிக்கதையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். 'அம்மன் தோற்றாள், கிறிஸ்து வென்றார்' என்று சுருக்கிவிடுகிறோம். ஆனால் சற்று நின்று நோக்குவோம். அப்பூசாரி வாதத்தில் தோற்று இணங்கியவர் அல்லர். தம் தெய்வத்தை எவரும் இழிவாகப் பேசக் கேட்டு மனம் மாறியவரும் அல்லர். தம் மக்களைக் காக்க ஒருவரைத் தேடியவர் அவர். காவலே அவரது வாழ்நாட் பணி. அக்காவலைத் தாம் நம்பிய மனிதரின் கையில் ஒப்படைத்துவிட்டுக் கண்மூடினார். அன்றியும், இக்கதையை நாம் அருட்பணியாளரின் வாயிலாகவே கேட்டிருக்கிறோம். மலையின் மூத்தோர் அதனை எவ்வாறு சொல்வர் என்பதைக் கேட்டெழுதும் கடமை இன்றைய இறையியல் மாணவருக்கு உண்டு.

ஜெஸ்ஸி 1929-இல் காய்ச்சலால் மலையிலேயே இறந்தார். ஈவ்லின் அம்மையார் முதிய வயதில் மீண்டும் மலைக்குத் திரும்பி, கொல்லிமலையிலும் சுற்றியுள்ள மலைகளிலும் ஊழியம் செய்து, 1974-இல் 95-ஆம் வயதில் மறைந்தார். வாழவந்தியில் கணவரின் கல்லறையருகே அடக்கம் செய்யப்பட்டார். நரம்புச் சிலந்தி நோய் இந்தியாவில் முற்றிலும் ஒழிந்தது என்று 2000-இல் சான்றளிக்கப்பட்டது.

7. கேள்விக்கு விடை

திருமறையில் இருவரை முன்வைத்துச் சிந்திப்போம்.

முதலாவது, நாகமான் (2 இராஜா. 5:17-19). இஸ்ரவேலின் தேவனையன்றி வேறெவருக்கும் பலியிடுவதில்லை என்று உறுதிகூறிய அவன், தன் அரசன் ரிம்மோன் கோவிலில் பணியும்போது தானும் உடன் குனியவேண்டிய இக்கட்டை எலிசாவிடம் எடுத்துரைத்தான். தீர்க்கதரிசி அவனைக் கடிந்துகொள்ளவில்லை; சமாதானமாக அனுப்பிவைத்தான். எலிசா அச்செயலைச் சரி என்று கூறவுமில்லை. புதிய விசுவாசியின் இக்கட்டைக் கேட்டு, அவன் வளரக் காலம் கொடுத்தான்.

இரண்டாவது, எபேசுவில் பவுல் (அப். 19). ஈராண்டுக்கு மேலாக அந்நகரில் அவர் போதித்தார். அர்த்தெமி தேவியின் கோயிலைச் சார்ந்து பிழைத்தோர் கலகம் செய்தபோது, இம்மனிதர் கோயிலைக் கொள்ளையிட்டவருமல்லர், உங்கள் தேவியைப் பழித்தவருமல்லர் என்று நகரின் சம்பிரதியே சான்று பகர்ந்தான் (அப். 19:37). கையால் செய்யப்பட்டவை தேவர்களல்ல என்று போதித்தும், பழித்தவர் என்னும் பெயரைப் பெறாமல் வாழ்ந்திருக்கிறார். நம் பிரசங்கங்களைக் குறித்து ஊர்க்கவுண்டர் ஒருவர் இவ்வாறு சான்று கூறுவாரா? 'பேய்', 'பிசாசு' என்று ஒலிபெருக்கியில் நாம் முழங்கும் சொற்கள், மறுநாள் காலையில் நம் விசுவாசி தண்ணீருக்குச் செல்லும் குழாயடியில் அவர்மீதே திரும்பி வந்து விழுகின்றன.

இவற்றின் அடிப்படையில் நம் ஆலோசனை இதுவே.

(அ) வரியைப் பகுத்தறிக. பல ஊர்களில் அது ஒரே தொகையாகத் தண்டப்பட்டாலும், பாதை செப்பனிடல், விளக்கு, பொதுவிருந்து, பூசை, பலி எனப் பலவும் அதில் அடங்கும். ஊர்ப் பொதுச்செலவில் பங்கேற்பது குடிமகனின் கடன். பலிக்கும் பூசைக்கும் உரிய பங்கைப் பணிவுடன் தவிர்த்தல் விசுவாசியின் கடன்.

(ஆ) தவிர்த்த தொகையை மீத்துவைத்துக்கொள்ளலாகாது. அதற்குக் குறையாத தொகையை, அனைவரும் அறிய, ஊர்க் குடிநீருக்கோ பள்ளிக்கோ கொடுப்பாராக. காசை மிச்சம்பிடிக்கச் சாமியை விட்டான் என்னும் பழி அதனால் நீங்கும்.

(இ) போதகர் தாமே ஊர்க்கவுண்டரிடம் சென்று பேசவேண்டும். தனித்து நிற்கும் விசுவாசியை முன்தள்ளிவிட்டு நாம் கீழ்நாட்டில் பாதுகாப்பாய் இருத்தல் முறையன்று.

(ஈ) உணவைப் பற்றிப் பவுல் கொரிந்தியருக்குக் கூறியது (1 கொரி. 8-10) இன்றும் ஏற்றது. விருந்துக்குச் செல்லலாம், கேள்வி எழுப்பாமல் உண்ணலாம், படைக்கப்பட்டது என்று ஒருவர் சுட்டிக்காட்டும்போது, அவருடைய மனச்சாட்சியின்பொருட்டு விலகவேண்டும். நம் அறிவைவிட எளிய சகோதரனின் உள்ளம் பெரிது.

(உ) கோயில் செய்துவந்த நான்கு பணிகளையும் சபை ஏற்காவிடில், விட்டுவந்தவர் வெறுங்கையராவார். நோயுற்ற வீட்டுக்குச் செல்லும் காவல், இறந்தோரை நன்றியோடு நினைக்கும் ஆராதனை, பொய்யுரையாத வாக்கால் ஊரில் பெறும் நம்பிக்கை, ஏழையும் உண்ணும் அன்பின் விருந்து ஆகியவை மலைச்சபையில் உண்டா என்று நாம் நம்மையே வினவவேண்டும்.

சட்டத்தைக் குறித்தும் ஒரு சொல். பழங்குடியினர் கிறிஸ்தவராவதால் பட்டியல் பழங்குடி என்னும் நிலையை இழப்பதில்லை. இதனை விசுவாசிகளுக்குத் தெளிவாக்குதல் நலம். தமிழகத்தில் 2002-இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது. 2003-இல் கோயில்களில் உயிர்ப்பலியைத் தடுக்கும் பழைய சட்டம் கடுமையாகச் செயற்படுத்தப்பட்டது. இரண்டும் 2004-இல் கைவிடப்பட்டன. நம் உரிமை பறிபோனபோது உரத்துக் குரலெழுப்பிய நாம், ஊர்த்தெய்வங்களை வழிபடும் எளியோரின் வழக்கம் ஆணையால் தடுக்கப்பட்டபோது என்ன செய்தோம்? பலியை நாம் ஏற்பதில்லை, ஒரே பலியால் நிறைவானதை அறிவோம் (எபி. 10:12-14). ஆயினும் காவலரின் தடியால் நிறுத்தப்படும் பலி, உள்ளத்தின் அச்சத்தை நீக்குவதில்லை. பூரண அன்பே அச்சத்தைப் புறம்பே தள்ளும் (1 யோவான் 4:18).

நம்மிடம் கேட்ட அச்சகோதரருக்கு அன்று நாம் சொன்னது, "அடுத்த வாரம் நானும் வருகிறேன்; ஊர்க்கவுண்டரிடம் சேர்ந்து பேசுவோம்" என்பது மட்டுமே. விடையாக அது போதாதென்று அப்போது வெட்கினோம். பின்னர் எண்ணிப் பார்க்கையில், மேற்கூறிய ஆலோசனைகள் யாவும் அதிலிருந்தே தொடங்கவேண்டும் எனத் தெளிந்தோம். பூசாரியின் வாசலுக்கு நடந்துசென்றவர்களால்தான் அம்மலையில் சபை பிறந்தது. அதே வழியில் நடப்பது இன்று மலைச்சபைகளில் பணிசெய்யும் ஆயர்களின், அதற்கு ஆயத்தமாகும் மாணவர்களின் பொறுப்பாகும்.